ஸ்டெப் இல்லாத விடைக்கு மார்க் கிடையாது



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நீளமான பதிவு. 'டார்க்' என்ற ஜெர்மன் தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். பிறகு "சார், கதையைக் கெடுத்துட்டீங்க" என்று யாரும் வரக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டே வரி எழுதினேன். "முதல் இரண்டு சீசனுக்கு நூற்றுக்கு நூறு. மூன்றாவது சீசன் ஃபெயில்." அவ்வளவுதான். வந்து விழுந்த பின்னூட்டங்களைப் பார்த்தால் ஏதோ உங்கள் குலதெய்வத்தைத் திட்டிவிட்டது போல இருக்கிறது. 2003 பேட்ச் தம்பி ஒருவர், "சார், இது கணக்கு இல்லை, கலை" என்கிறார். சாஃப்ட்வேரில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, உங்களுக்குக் குவாண்டம் புரியல" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டிருக்கிறான். இன்னொருவர், "இரண்டாவது தடவை பாருங்க சார், புரியும்" என்று அறிவுரை சொல்கிறார்.

இரண்டாவது தடவையும் பார்த்தேன் தம்பி. மூட்டு ஆபரேஷன் முடிந்து காலை நீட்டிப் படுத்திருப்பவனுக்கு வேறென்ன வேலை? 26 எபிசோடையும், பக்கத்தில் ஒரு குயர் நோட்டு வைத்துக்கொண்டு, யார் யாருக்கு எந்த வருஷம் என்ன உறவு என்று எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு தப்பை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பின்னூட்டத்தில் நான் சார்லோட்டின் அம்மா ஃபிரான்சிஸ்கா என்று எழுதியிருந்தேன். இல்லை, எலிசபெத்தான். திருத்திய பெண்ணுக்கு நன்றி. எனக்கு நானே ஒரு மார்க் குறைத்துக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொடரைப் பார்க்காத சித்தி, பெரியப்பா வகையறாக்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸே என்ற தம்பதி உருவாக்கி, 2017 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர். விண்டன் என்று ஒரு கற்பனை ஊர். ஊருக்குள் அணுமின் நிலையம், ஊரைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் ஒரு குகை. 2019 நவம்பரில் மிக்கேல் என்ற சின்னப் பையன் காணாமல் போகிறான். அவன் போய்ச் சேர்ந்தது 1986-க்கு. திரும்பி வர வழியில்லை. அங்கேயே ஒரு நர்ஸ் அவனை எடுத்து வளர்க்கிறாள். வளர்ந்து, மிஹாயேல் என்று பெயர் மாறி, கல்யாணம் செய்து, யோனாஸ் என்ற மகனுக்கு அப்பா ஆகிறான். அதாவது யோனாஸின் பள்ளித்தோழி மார்த்தாவின் காணாமல் போன தம்பிதான் யோனாஸின் அப்பா. அந்த மார்த்தாவை யோனாஸ் காதலிக்கிறான். நம் கணக்கில் சொன்னால் அவள் அவனுக்குச் சொந்த அத்தை. அத்தை மகளைக் கட்டலாம், அத்தையையே கட்டுவது எந்த ஊர் முறை என்று என் மனைவி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள், அதன்பிறகு தொடர் பக்கமே வரவில்லை.

இதில் 33 ஆண்டுக்கு ஒரு சுற்று என்று ஒன்று வருகிறது. 1953, 1986, 2019. "அந்த 33 சும்மா அடித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. 33 சூரிய ஆண்டுகளுக்கு 12,053 நாள். 34 சந்திர ஆண்டுகளுக்கு 12,048 நாள் சொச்சம். ஐந்து நாள்கூட வித்தியாசம் இல்லை. ரம்ஜான் மாதம் ஒரு தலைமுறைக்குள் எல்லாப் பருவத்தையும் சுற்றி, மறுபடி அதே பருவத்துக்கு வந்து நிற்பது இந்தக் கணக்கால்தான். அதை எடுத்து ஒரு குகைக்குள் வைத்தார்கள் பாருங்கள், அங்கேயே எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதை முதல் இரண்டு சீசனிலும் ஏறிக்கொண்டே போனது. காரணம் ஒரே ஒரு விதி. நடந்தது நடந்ததுதான். இறந்தகாலத்துக்குப் போகலாம், பேசலாம், அடிக்கலாம், காதலிக்கலாம். ஆனால் எதையும் மாற்ற முடியாது. நீ அங்கே போய் என்ன செய்தாலும், அது ஏற்கெனவே நடந்ததன் ஒரு பகுதி. ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் பெயரில் இதற்கு ஒரு கொள்கையே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1949-ல், குர்ட் கேடல் என்ற கணித மேதை ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். அதன்படி போனால் ஒருவன் தன் இறந்தகாலத்துக்கே திரும்பி வரும் பாதைகள் கணக்கில் வருகின்றன. ஐன்ஸ்டீனின் 70-வது பிறந்தநாளையொட்டி கொடுத்த பரிசு! கிழவருக்குத் தூக்கம் போயிருக்கும்.

இந்த விதியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். உல்ரிச் தன் மகனைக் கடத்தியவன் என்று நினைத்து ஹெல்கேயைத் தேடி 1953-க்குப் போகிறான். அங்கே ஹெல்கே சின்னப் பையன். இப்போதே கொன்றுவிட்டால் பின்னால் ஒன்றும் நடக்காது என்று கல்லால் அடிக்கிறான். பையன் சாகவில்லை. முதல் எபிசோடிலிருந்து கிழவன் ஹெல்கேயின் முகத்தில் நாம் பார்த்துக்கொண்டிருந்த தழும்பு, இந்த அடியால் வந்தது. தடுக்கப் போனவனே காரணமாகிறான்.

இரண்டாவது சீசனில் யோனாஸ் தன் அப்பாவின் தற்கொலையைத் தடுக்க, அதற்கு முந்தைய நாளுக்கே போகிறான். போய் அப்பாவைப் பார்த்து, வேண்டாம் அப்பா என்கிறான். அவருக்கு அதுவரை அப்படி ஓர் எண்ணமே கிடையாது! மகன் வந்து சொல்லித்தான் அவருக்கே தெரிகிறது. போதாததற்கு, அன்றைக்கு இரவு சின்னப் பையனான தன்னைக் கைப்பிடித்துக் குகைக்குள் கூட்டிப்போனது நீதானே என்று அப்பா கேட்கிறார். எனக்கு நோட்டில் எழுத ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் "எனவே" என்று போட்டு நிறுத்தும்போது ஒரு சுகம் உண்டே, அது அந்தக் காட்சியில் இருந்தது. கூடவே வயிற்றைப் பிசைகிற துக்கமும் இருந்தது. கணக்கு வேறு, கலை வேறு என்று சொன்ன தம்பி, அந்தக் காட்சியை மறுபடி பார்க்கவும். அந்த அழுகை விதியால் வந்தது. விதியை எடுத்துவிட்டால் அழுகையும் போய்விடும்.

இப்போது மூன்றாவது சீசன். திடீரென்று இரண்டாவது உலகம் ஒன்று வருகிறது. அதில் யோனாஸ் பிறக்கவே இல்லை, மார்த்தா மட்டும் இருக்கிறாள். அதையும் நான் ஏற்றுக்கொண்டேன், பெரிய மனது பண்ணி. இந்த உலகத்து யோனாஸுக்கும் அந்த உலகத்து மார்த்தாவுக்கும் பிறக்கும் மகன்தான் ட்ரொன்ட்டேயின் அப்பா. ட்ரொன்ட்டே மகன் உல்ரிச், உல்ரிச் மகன் மிக்கேல், மிக்கேல் மகன் யோனாஸ். ஆக யோனாஸின் எள்ளுத்தாத்தா யோனாஸுக்கே பிறந்த மகன். சார்லோட்டின் மகள் எலிசபெத், எலிசபெத்தின் மகள் சார்லோட். சிரிக்காதீர்கள், இதெல்லாம் விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது. வட்டத்துக்கு ஆரம்பப் புள்ளி எது என்று கேட்க முடியாது அல்லவா? 1959-லேயே ராபர்ட் ஹைன்லைன் ஒரே ஆளைத் தனக்குத்தானே அப்பா, அம்மா ஆக்கி ஒரு சிறுகதை எழுதிவிட்டார். 'பிரிடெஸ்டினேஷன்' என்று படமாகவும் வந்தது. அது பழைய வித்தை. இவர்கள் அதை ஒரு ஊருக்கே செய்தார்கள்.

கோளாறு கடைசியில் வருகிறது. கிளாடியா வந்து ஆதாமிடம் (வயதான யோனாஸ்தான் ஆதாம்) ஓர் ஓட்டையைப் பற்றிச் சொல்கிறாள். பேரழிவு நடக்கும் நொடியில் காலம் கண்ணிமைக்கும் நேரம் நின்றுவிடுகிறதாம். அந்த இடைவெளியில் காரண-காரியச் சங்கிலி அறுந்துவிடுமாம். அப்போது எதையும் மாற்றலாமாம். இரண்டு உலகங்களுக்கும் மூலமாக மூன்றாவது உலகம் ஒன்று இருக்கிறதாம். அங்கே டான்ஹாஸ் என்ற கடிகாரக்காரர், 1971-ல் கார் விபத்தில் செத்துப்போன மகனையும் மருமகளையும் பேத்தியையும் மீட்க ஓர் இயந்திரம் செய்து 1986-ல் முடுக்கினார், அதில் அவர் உலகம் இரண்டாகப் பிளந்துபோனது என்கிறாள். எனவே யோனாஸும் மார்த்தாவும் போய் விபத்தைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். போகிறார்கள், பாலம் மூடியிருக்கிறது என்று சொல்லிக் காரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு இருவரும் ஒளித்துகளாகக் கரைந்து போகிறார்கள். பின்னணியில் பாட்டு.

என் அக்கா மகனே, நீ கேட்டாயே குவாண்டம், இங்கே வா.

இதற்கு இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, உலகத்துக்கு ஒரே வரலாறுதான். அப்படியானால் விபத்தைத் தடுத்ததும் இரண்டு உலகங்களும் பிறக்காது. யோனாஸும் பிறக்கமாட்டான், மார்த்தாவும் பிறக்கமாட்டாள். பிறக்காதவர்கள் எப்படிப் பாலத்தில் போய் நின்றார்கள்? அப்பாவைக் காப்பாற்றப் போனபோது யோனாஸுக்கு முடியாமல் போனதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் இங்கேயும் முடியக்கூடாது. இல்லை, இரண்டாவது வழி. டேவிட் டாய்ச் என்ற இயற்பியலாளர் 1991-ல் சொன்னாரே, காலப்பயணி வேறொரு கிளைக்குப் போய் இறங்குகிறான் என்று, அதை எடுத்துக்கொள்வோம். அப்படியானால் முரண்பாடே இல்லை, ரொம்ப நல்லது. ஆனால் அப்போது அவர்கள் காரைத் திருப்பியதால் புதிதாக நான்காவது உலகம் ஒன்று கிளைத்தது, அவ்வளவுதான். பழைய உலகங்கள் அப்படியே இருக்கும். யாரும் கரைய வேண்டியதில்லை. முதல் வழியில் போனால் காரைத் திருப்ப முடியாது. இரண்டாவதில் போனால் கரைய முடியாது. தொடரோ காரையும் திருப்பிவிட்டு, ஆட்களையும் கரைக்கிறது. a = b என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் தனக்குத் தேவைப்பட்டதும் a ≠ b என்று எழுதுகிற பையனுக்கு நான் மார்க் போட்டதாக உங்களில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

"அந்த ஓட்டைதான் விளக்கம் சார்" என்பீர்கள். அந்த ஓட்டையை முதல் சீசனிலேயே தரவாகக் கொடுத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கணக்கு மாட்டிக்கொண்ட பிறகு, பக்கத்தின் ஓரத்தில் எழுதிச் சேர்த்த தரவு அது. இன்னொன்றும் பாருங்கள். இதே மூன்றாவது சீசனில் இளைய யோனாஸ் தன் உயிரை விட முயல்கிறான், முடியவில்லை. வயதான யோனாஸ் ஏற்கெனவே இருப்பதால் காலம் அவனைச் சாக விடாது என்று நோவா விளக்குகிறான். துப்பாக்கியே வெடிக்க மறுக்கிறது. ஒரு தோட்டாவைக்கூடத் தடுக்கிற காலம், ஆதாம், ஏவா, ஊர் மொத்தத்தையும் அழிக்கப் போகிற இரண்டு பிள்ளைகளைப் பாலத்தில் பார்த்துச் சும்மா வழிவிடுமா?

ஷ்ரோடிங்கர் பூனை, ஐன்ஸ்டீன்-ரோசன் பாலம் என்றெல்லாம் எனக்கு லிங்க் அனுப்புகிறீர்கள். இரண்டும் 1935-ல் வந்தவை, எனக்கும் தெரியும். பெட்டியைத் திறந்ததும் உயிருள்ள பூனையும் செத்த பூனையும் தனித்தனியாக வெளியே வந்து ஒரே தெருவில் நடமாடும் என்று ஷ்ரோடிங்கர் சொல்லவில்லை. தொடரில் ஒரு யோனாஸ் ஆதாம் ஆகிறான், இன்னொரு யோனாஸ் மார்த்தா கையால் சாகிறான், இரண்டும் ஒரே கதைக்குள். விளக்கம் கேட்டால் குவாண்டம் என்று சொல்லிவிடுகிறீர்கள். வீட்டில் எது நடந்தாலும் வாஸ்து சரியில்லை என்று என் சம்பந்தி சொல்வது போலத்தான் இருக்கிறது.

சரி, இதுவரை சொன்னது தர்க்கம். தர்க்கம் மட்டும் பிசகியிருந்தால் ஐந்து மார்க் குறைத்துக்கொண்டு பாஸ் போட்டிருப்பேன். ஃபெயில் போட்டதற்குக் காரணம் வேறு.

கடைசிக் காட்சி. மூல உலகத்தில் ரெகினா வீட்டில் ராத்திரி விருந்து. மேஜையைச் சுற்றி ஆறு பேர். மெழுகுவத்தி, சிரிப்பு, மழை. முடிச்சு அவிழ்ந்துவிட்டது, அப்பாடா என்று நம்மையும் பெருமூச்சு விடச் சொல்கிறார்கள். பல பேர் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். முப்பத்துநாலு வருஷம் காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்த பழக்கம், எனக்கு அந்த மேஜையைப் பார்த்ததும் பதிவேடு ஞாபகம்தான் வந்தது. கத்தரீனா இருக்கிறாள். அவள் பிள்ளைகள் மாக்னஸ், மார்த்தா, மிக்கேல் மூவரும் இல்லை. பேட்டர் இருக்கிறார். அவர் மகள்கள் ஃபிரான்சிஸ்கா, எலிசபெத் இல்லை. ரெகினா இருக்கிறாள், மகன் பார்டோஷ் இல்லை. ஹன்னா இருக்கிறாள், யோனாஸ் இல்லை. அந்த ஒரு வீட்டு மேஜையில் மட்டும் ஏழு பிள்ளைகள் ஆப்சென்ட். காணாமல் போன ஒரு பையனைத் தேடி, பூட்டிய கதவையெல்லாம் முட்டி உடைத்த அம்மா கத்தரீனா. அவள் அங்கே உட்கார்ந்து ஒயின் குடிக்கிறாள். தனக்குப் பிள்ளைகள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. இதற்குப் பெயர் நிம்மதியா?

ஒரு பிள்ளையைத் தேட ஊரே காட்டுக்குள் இறங்கிய கதையாக ஆரம்பித்தது இது. ஏழு பிள்ளைகளை ஒரேயடியாக அழித்துவிட்டு, தேடுவதற்கும் யாரையும் மிச்சம் வைக்காமல், சுபம் போடுகிறது.

அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? பிறந்த விதம் சரியில்லை. அவ்வளவுதான். அவர்கள் வம்சம் ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறது, எனவே அவர்கள் இருப்பதே பிழை, அழித்துவிட்டால் உலகம் சுத்தமாகும் என்கிறது தொடர். அதையும் வேறு யார் வாயிலிருந்தும் இல்லை, அந்தப் பிள்ளைகளே சம்மதித்து, கையை நீட்டிக்கொண்டு கரைகிறார்கள். கிளாடியாவின் மகள் ரெகினா மட்டும் தப்பிக்கிறாள். ஏன்? அவளுடைய அப்பா ட்ரொன்ட்டே என்று இரண்டு சீசனாக நம்மை நினைக்க வைத்துவிட்டு, கடைசியில் பெர்ன்ட் டாப்ளர் என்று மாற்றிவிட்டார்கள். ஆக வம்சம் சுத்தம், பாஸ். ஊரெல்லாம் போனாலும் என் பெண் பிழைத்தால் போதும் என்ற ஒரு தாயின் கணக்கைத் தியாகம் என்று படம் காட்டுகிறார்கள். டான்ஹாஸின் துக்கம் உண்மையானது, நான் மறுக்கவில்லை. அவர் வீட்டில் மூன்று உயிர். அந்தக் கார் திரும்பி வந்து, மகன் வாசலில் நிற்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த மூன்றுக்கு விலை எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் கைதட்ட முடியவில்லை.

பெயர் சொல்லமாட்டேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் பிறந்த கதையைப் பற்றி ஊரில் நாலுவிதமாகப் பேசுவார்கள். ஒருநாள் அவன் அப்பாவைப் பெற்ற பாட்டியே பள்ளிக்கூடத்துக்கு வந்து, வகுப்பு வாசலில் நின்று, அத்தனை பிள்ளைகள் முன்னால், "இவன் பிறக்காம இருந்திருந்தா எங்க குடும்பம் நல்லா இருந்திருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன். பையன் நோட்டைப் பார்த்துக் குனிந்தே இருந்தான். அந்த ஒரு பீரியடுக்குத் திரும்பிப்போக எனக்கு ஒரு குகை இருந்தால் நன்றாக இருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். இன்றைக்கு அவன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். இந்தப் பதிவையும் படிப்பான் என்று நினைக்கிறேன். தம்பி, அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ரொம்பத் தாமதம்.

ஆகவே, "யோனாஸும் மார்த்தாவும் சரியானதைத்தான் செய்தார்கள்" என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சமாதானம் கிடையாது. அவர்கள் பாலம் வரை போய், காரையும் திருப்பிவிட்டு, நான்காவது உலகத்தை டான்ஹாஸுக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் சிக்கலான ஊருக்கே திரும்பி வந்திருந்தால் கணக்கும் சரியாக இருந்திருக்கும், நான் நூறு போட்டிருப்பேன். இரண்டாவது சீசன் கடைசியில் அந்த ஒளிக்கு இந்தப் பக்கம் சார்லோட், அந்தப் பக்கம் வளர்ந்த எலிசபெத், யார் யாருக்கு அம்மா என்று தெரியாத இரண்டு பேர் கையை நீட்டுகிறார்களே, தொடரின் ஆகச் சிறந்த காட்சி எனக்கு அதுதான். மூன்றாவது சீசனின் முடிவு அந்த இரண்டு கையையும் அழித்துவிடுகிறது.

பதில் எழுதுபவர்கள் ஸ்டெப்போடு எழுதவும். "சார் லெஜண்ட்" என்று மட்டும் போடுகிறவர்களுக்கு மார்க் கிடையாது. குடும்ப மரம் வரைந்த தாளைக் கேட்டவர்களுக்காக முதல் பின்னூட்டத்தில் போட்டோ போட்டிருக்கிறேன். பேத்தி அதன் மேல் காபியைக் கொட்டிவிட்டதால் 1888 பக்கம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். பார்டோஷ்-சில்யா கோட்டில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.